எதையும் தூக்கக் கூடாது

கத்தியை வயிற்றிலிருந்து உருவியதும் தொமித்திலா முதலில் செய்தது அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்ததுதான். வேறு யாராவது என்றால் அலறியிருப்பார்கள். எங்கள் கறி ஆலையில் வேலை பார்க்கிற யாராக இருந்தாலும் முகர்ந்துதான் பார்த்திருப்போம். மாட்டின் குடலில் கத்தி பட்டுவிட்டால் கண் பார்ப்பதற்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். அப்புறம் அந்தத் துண்டை ஒதுக்கு, மேசையைக் கழுவு, இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு என்று பெரிய கூத்து நடக்கும். தொமித்திலாவின் கத்தியில் அந்த நாற்றம் இல்லை. குடலில் படவில்லை, வெறும் கொழுப்பில்தான் இறங்கியிருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கொழுப்புக்கு அவளிடம் பஞ்சமில்லை, அதை வைத்து அவளே கேலி பேசுவாள். கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு அடுத்த துண்டை இழுத்தாள்.

அவள் இருந்தது எலும்பு எடுக்கிற வரிசையில். மாட்டின் தோள்பகுதி பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். இடக்கையில் கொக்கி, வலக்கையில் கத்தி. கொக்கியால் பிடித்துக்கொண்டு, கத்தியை எலும்பை ஒட்டித் தன் பக்கமாக இழுக்க வேண்டும். வயிற்றைக் காப்பாற்ற இரும்பு வளையம் கோத்த ஏப்ரன் கொடுப்பார்கள். அது ஆம்பிளை அளவுக்குச் செய்தது. எங்களைப் போன்ற குட்டைப் பெண்களுக்குக் கணுக்கால்வரை தொங்கி மேசைக் காலில் மாட்டும். அதனால் ஒரு பக்கமாகத் தூக்கிச் செருகிக் கயிற்றால் கட்டிக்கொள்வோம். மேற்பார்வையாளன் வந்தால் இறக்கிவிடுவோம். அன்று எலும்பு நழுவியபோது கத்தி வந்தது அந்தச் செருகிய பக்கத்தில். தொப்புளுக்கு இடப்புறம், நாலு விரல் தள்ளி.

இடைவேளைக்கு மணி அடிக்கிறவரை முழங்கையால் அழுத்திக்கொண்டே வேலை பார்த்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய், காகிதத் துண்டை மடித்து வைத்து, நீல டேப்பால் வயிற்றைச் சுற்றி இறுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் அந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டும். ஏப்ரனை ஏன் செருகினாய் என்பது முதல் கேள்வி. நீ போனால் உன் பங்குத் துண்டுகள் இடமும் வலமும் நிற்பவர்கள் தலையில் விழும். அவளுக்கு வலப்பக்கம் நின்றது புதிதாகச் சேர்ந்த குவாத்தமாலாப் பெண், தன் பங்கையே முடிக்கத் திணறுகிறவள். உடனே சொல்லாமல் பிறகு சொன்னால் வேலையே போய்விடும். ஆக, முதல் நிமிஷத்தில் சொல்லாதவள் அப்புறம் சொல்லவே முடியாது.

நான் அதே ஆலையில் பொட்டலம் கட்டும் பக்கம். எங்கள் டிரெய்லர் வீடும் அவர்கள் டிரெய்லர் வீடும் பக்கத்துப் பக்கத்தில். அவர்களுடைய மகளுக்கு நான்தான் ஞானத்தாய், அதனால் எங்களுக்குள் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வோம், வாங்க போங்க என்றுதான் பேசுவோம். அந்த மகள் இப்போது டெக்ஸாஸில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். வேலைக்கு என் வேனில்தான் போய்வருவோம். அன்று திரும்பும்போது தொமித்திலா ஜன்னலில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மார்ச் மாதக் காற்று மாட்டுப் பட்டிகளின் புழுதியையெல்லாம் வாரி வேன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. என்ன கொமாத்ரே என்றேன். வாயு என்றாள். மத்தியானம் சாப்பிட்ட பீன்ஸ்மீது பழியைப் போட்டாள்.

வீட்டில் நிக்கானோர் காத்துக்கொண்டிருந்தான். அவள் புருஷன். மாட்டுப் பட்டியில் குதிரைமேல் போய் நோய்ப்பட்ட மாடுகளைப் பிரிக்கிற வேலை பார்த்தவன். ஒரு குளிர்காலத்தில் பனிக்கட்டியில் குதிரை வழுக்கி அவன்மேலேயே விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து அவனைக் காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், வேலை விட்டு வந்ததும் முதுகு புண்ணாகாமல் இருக்க நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், சாப்பாட்டு நேரத்தில் மறுபடி நாற்காலிக்கும் தொமித்திலாதான் தூக்குவாள். அவன் அக்குளுக்கு அடியில் கைகளைக் கொடுத்து, தன் முட்டியால் அவன் முட்டியை அணைத்து, ஒரே மூச்சில் திருப்பிப் போடுவாள். அவனோ பெரிய உருவம், அவள் அவன் நெஞ்சுயரம்கூட இல்லை. இதற்கென்று கொக்கி வைத்து ஆளைத் தூக்குகிற எந்திரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், முகம் மாறிவிடும். நிக்கானோர் மாடா, கொக்கியில் மாட்டித் தூக்க என்பாள்.

நான் அடுப்பில் மிளகாயை வதக்கிக்கொண்டிருந்தபோது ஆள் கூப்பிட நிக்கானோர் கட்டிலருகே வைத்திருக்கிற வாணலியால் அவர்கள் வீட்டுச் சுவரில் அடிக்கிற சத்தம் கேட்டது. ஓடினேன். நிக்கானோர் பாதி உடம்பு கட்டிலிலும் பாதி வெளியிலுமாகக் கிடந்தான். தொமித்திலா தரையில், கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. இரத்தம் அவன் சட்டையின் கைப்பகுதியில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொன்னாள், வேலை முடிகிற நேரத்தில், கத்தியைக் கழுவும்போது குத்திக்கொண்டேன், பெரிதாக ஒன்றுமில்லை என்று. நிக்கானோர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் நானும் வருகிறேன் என்று ஒரே பிடிவாதம் பிடித்தான். என் புருஷன் புலென்சியோவும் நானும் அவனை மூட்டை ஏற்றுவதுபோல வேனில் ஏற்றினோம். வழியெல்லாம் அவள், பார்த்து, காலை இடிக்காதீர்கள் என்று எங்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தாள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வெட்டுக்காயம் புதிதில்லை. பட்டியில் கொம்பு குத்தினவன், ஆலையில் கத்தி பட்டவன், வேட்டைக்குப் போய்த் தன் அம்பையே தன்மேல் பாய்ச்சிக்கொண்டவன் என்று எல்லாரும் அங்கேதான் வருவோம். அறுவை செய்கிற டாக்டர் ஹேகன் என்ற அம்மா, நல்ல உயரம், பேச்சு குறைவு. போனில் ஸ்பானிஷ் பேசுகிற மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கப் பார்த்தார்கள், குரல் விட்டு விட்டு வந்தது. தொமித்திலா பொறுமையிழந்து, என் கொமாத்ரேக்கு இங்கிலீஷ் தெரியும், அவரே சொல்லட்டும் என்றுவிட்டாள். அப்படித்தான் நான் நடுவில் மாட்டினேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வந்து சொன்னதை நான் அப்படியே சொன்னேன். கத்தி வயிற்றுச் சுவரைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. குடலில் பட்டதா என்பது படத்தில் தெளிவாக இல்லை. கொஞ்சம் நீர் தெரிகிறது, அது இரத்தமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். நாடியும் இரத்த அழுத்தமும் இப்போதைக்கு நன்றாக இருப்பதால் யோசிக்க நேரம் இருக்கிறது. வழி இரண்டு. ஒன்று லேப்ராஸ்கோபி. மூன்று சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு உள்ளே பார்ப்பது, ஓட்டை இருந்தால் அதே துளைகள் வழியாகவே தைப்பது. இன்னொன்று வயிற்றைத் திறப்பது. டாக்டர் தன் கோட்டின்மேலேயே விரலால் கோடு இழுத்துக் காட்டினார், தொப்புளுக்கு மேலே தொடங்கி நேராகக் கீழே. திறந்தால் குடலை முழுக்கக் கையால் உருவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிடலாம், எதுவும் ஒளிய முடியாது. ஆனால் ஆறுவதற்கு நாளாகும்.

தொமித்திலா கேட்டது ஒன்றே ஒன்று. எத்தனை நாளைக்குத் தூக்கக் கூடாது? டாக்டர் ஆலை வேலையைச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் மோவாயால் புருஷனைக் காட்டினாள். டாக்டர் நிக்கானோரை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். சின்னத் துளை என்றால் சில வாரம் பொறுத்தால் போதும் என்றார். திறந்தால் இரண்டு மாதமாவது எதையும் தூக்கக் கூடாது, ஒரு கேலன் பால் கேனைத் தவிர. தூக்கினால் உள்தையல் விட்டுக் குடல் வெளியே தள்ளும், குடலிறக்கம் என்று அதற்கு இன்னொரு அறுவை.

"அப்ப சின்னதுதான். பெருசுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

டாக்டர் படுக்கை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முதலில் கேமராதான், எனக்கும் அதுதான் விருப்பம், ஆனால் உள்ளே பார்த்தபிறகு திறக்க வேண்டியிருந்தால் திறக்கத்தான் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்துச் சம்மதம் கொடு என்றார். இவள் அசையவில்லை.

"வரிசையில நான் தெனம் திறக்குற மாடா நான்? கத்திய மோந்து பாத்துட்டேன்னு சொல்லுங்க கொமாத்ரே. நாத்தமில்ல. கொடல்ல படல."

சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவரும் மாட்டுப் பண்ணையில் பிறந்தவர்தான். மாட்டைக் கொன்றபிறகு வெட்டுகிறீர்கள், குடல் அப்படியே கிடக்கும், நாறும். உயிரோடிருக்கிற குடலில் சின்ன ஓட்டை விழுந்தால் அது சுருங்கி வாயை மூடிக்கொள்ளும், கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது, அப்புறம் கசியத் தொடங்கும் என்றார். கசிந்து நேரமாகிவிட்டால் வயிறு முழுக்கச் சீழ். எப்போது குத்தியது என்று கேட்டார். வேலை முடிகிற நேரத்தில் என்றாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு மாதிரி திருப்பிக் கேட்டார். அதே பதில். நிச்சயமாகவா என்றார். நிச்சயமாக என்றாள்.

கடைசியில் டாக்டர் இறங்கி வந்தார். இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பதால் ஒத்துக்கொள்கிறேன். துளைகளோடு நிறுத்துகிறேன். திறந்தே ஆகவேண்டும் என்று பட்டால் மயக்கம் தெளியவைத்து உன்னைக் கேட்கிறேன். எனக்கு இதில் சம்மதமில்லை, ஆனால் உடம்பு உன்னுடையது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் திருப்தியே இல்லை. தொமித்திலாவின் முகத்தில் மட்டும் சந்தையில் விலை படிந்ததுபோல ஒரு தெளிவு. பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

"கொமாத்ரே" என்றான் நிக்கானோர். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து வாயே திறக்காதவன். "டாக்டர்கிட்ட சொல்லுங்க. இது காலையில நடந்துச்சு. மொத இடைவேளைக்கும் முன்னாடி."

"நிக்கானோர், வாய மூடு."

"சாப்பாட்டு நேரத்துல எனக்கு போன் பண்ணா. குத்திருச்சு, கொழுப்புலதான்னு சொன்னா. யார்கிட்டயும் மூச்சு விடாதன்னா. நானும் சரின்னேன்."

"நீ சொன்னா என் வேல போயிரும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"பெரிய வெட்டாப் போட்டுருவாங்க. அதுவும் தெரியுமில்ல?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி சொல்லாதே என்று, ஒருத்தன் சொல் என்று.  எனக்குத் தொமித்திலாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வேனில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, பீன்ஸ்மேல் பழி போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இங்கிலீஷில் எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாகச் சொன்னேன். டாக்டர் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இனிப் பழைய ஒப்பந்தம் கிடையாது என்றார். கேமராவை விட்டுப் பார்ப்பேன், தேவைப்பட்டால் அங்கேயே, அப்போதே திறப்பேன், தூங்குகிறவளை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். அவள் சரி என்று சொல்லாமல் அவளைத் தொடவும் மாட்டேன். ஆனால் சரி என்று சொல்கிறவரை இந்த அறையை விட்டுப் போகவும் மாட்டேன். அப்படியே சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

தொமித்திலா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இத்தன வருசமா ஒன்னைய யார் தூக்குறா?"

"நீதான்."

"ரெண்டு மாசம் யார் தூக்குவா? நம்ம ஊரு துராங்கோவுல இருந்து ஒன் தங்கச்சி வருவாளா? கொண்டுபோய் அந்த முதியோர் இல்லத்துல போடுவாங்க. அங்க போன நம்ம ரொசாலியோவோட அப்பா என்ன ஆனாரு? முதுகெல்லாம் புண்ணு வச்சுச் செத்தாரு."

"என்னைய யாரும் தூக்க வேண்டாம்."

"பறக்கப் போறியா?"

"கையால நகந்து உக்காரக் கத்துக்கன்னு ஆஸ்பத்திரியில அப்பவே சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னேன். அடிபட்ட கன்னுக்குட்டி கணக்கா இழுத்துக்கிட்டு நகர வெக்கமா இருந்துச்சு. நீ தூக்குன. எனக்கு அது சொகமா இருந்துச்சு தோமி, அதான் நெசம். இன்னிக்கி ஒன் வயித்துல ஓட்ட இருக்குன்னு தெரிஞ்சும் ஒன் கழுத்தக் கட்டிக்கிட்டுத் தொங்குனேன். வேணாம்னு ஒரு வார்த்த வரல என் வாயில."

 காற்று ஜன்னல் கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தது. வலி ஒரு சுற்று வந்து போனது, கண்ணை மூடி, பல்லைக் கடித்துத் தாங்கினாள்.

"கத்துக்குவியா?"

"கத்துக்குவேன்."

"விழுவ."

"விழுவேன்."

டாக்டரைப் பார்த்துக் கையை நீட்டினாள். டாக்டர் பேனாவைத் திரும்பக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்:

"நீ என்னையக் காட்டிக் குடுத்துட்ட. இனிமே ஒங்கிட்டப் பேச மாட்டேன்."

"உசுரோட வந்து பேசாம இரு" என்றான் நிக்கானோர்.

காத்திருக்கிற அறையில் அவனுக்கு எதுவும் இறங்கவில்லை. புலென்சியோ வாங்கி வந்த பர்ரித்தோ மடியிலேயே ஆறிப்போனது. நான் இரண்டு தின்றேன். எனக்குப் பயம் வந்தால் பசிக்கும், அது என் சுபாவம். நாற்காலிக் கைகளை அழுத்தி அவன் தன் உடம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான், ஒரு விரற்கடை உயர்ந்து தொப்பென்று விழுந்தான். எத்தனை தடவை செய்தான் என்று நான் எண்ணவில்லை. கோயிலில் நாங்கள் ஜெபமாலை உருட்டுவதுபோல விடாமல் செய்துகொண்டிருந்தான்.

வெளியே தானியக் கிடங்கின் விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் டாக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார், நல்ல மனுஷி. பிறகு விவரம். கேமராவில் பார்த்தபோது சிறுகுடலில் ஒரு ஓட்டை தெரிந்தது. அதை மட்டும் என்றால் துளை வழியாகவே தைத்திருப்பேன். ஆனால் சுற்றிலும் கலங்கிய நீர், குடலெல்லாம் சிவந்து வீங்கி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தது. காலையிலேயே வந்திருந்தால் இதில் பாதிகூட இருந்திருக்காது. திறந்துவிட்டேன். குடலைக் கையில் எடுத்து உருவிக்கொண்டே வந்தபோது இன்னொரு ஓட்டை அகப்பட்டது. குடல் தொங்குகிற சவ்வின் மடிப்புக்குள், பின்பக்கமாக ஒளிந்திருந்தது. கேமராவில் அது என் கண்ணில் பட்டிருக்குமா என்று கேட்டால், இவ்வளவு வீக்கத்தில் தெரியாது என்றுதான் சொல்வேன்.

நிக்கானோருக்குச் சொன்னேன். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அதன்பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷில் நீளமாக ஏதோ சொன்னான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

தொமித்திலா சொன்ன சொல் தவறாதவள். கண் விழித்து என்னோடு பேசினாள், நர்ஸோடு சைகையில் பேசினாள், பாதிரியாரோடு பேசினாள். புருஷனோடு மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அப்படித்தான். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக உலோகக் கிளிப் வரிசை, எங்கள் ஆலையில் பெட்டிக்கு அடிப்பதுபோல. கண்ணாடியில் பார்த்துவிட்டு, பரவாயில்லை, அந்த டாக்டரம்மா எலும்பு எடுக்கிற வரிசைக்கு வந்தால் வேலை கிடைக்கும் என்றாள். அது என்னிடம். அவனிடம் சொல்ல வேண்டியதை என் மூலமாகச் சொல்வாள், அவன் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பான்.

"கொமாத்ரே, அவர மாத்திர போடச் சொல்லுங்க."

"கொமாத்ரே, போட்டுட்டேன்னு சொல்லுங்க" என்பான் அவன்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்தது போதாதென்று வீட்டிலும் எனக்கு அதே வேலை.

ஆலையிலிருந்து மேற்பார்வையாளன் பழக்கூடையோடு வந்தான். வேலை போய்விடும் என்று நாங்கள் எல்லாருமே நினைத்திருந்தோம். கடைசி எச்சரிக்கை என்று சொல்லிவிட்டுப் போனான். இரக்கம் ஒன்றுமில்லை, தோள்பகுதியில் எலும்பு எடுக்கத் தெரிந்த கை கிடைப்பது கஷ்டம். குள்ளமான பெண்களின் அளவுக்கு ஏப்ரன் வாங்கப்போவதாகவும் சொன்னான். அது இன்னும் வரவில்லை.

முதல் சில நாட்கள் புலென்சியோவும் அவன் தம்பியும் போய் நிக்கானோரைத் தூக்கிப் போட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சோபா ஏற்றுவதுபோல, இங்கிட்டு, அங்கிட்டு, மெல்ல மெல்ல என்று ஒரே சத்தம். தொமித்திலா பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் காலையில் அவன் இவர்களை வேண்டாமென்று அனுப்பிவிட்டான். ஆலையில் தேய்ந்துபோய் ஒதுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் வெட்டுப்பலகை ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கினான். அதை ஒரு கை அகலத்துக்கு அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினான். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம்போலப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கையால் ஊன்றி ஊன்றி நகர வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் காட்டினார்களாம்.

கேட்க எளிது. முதல்நாள் பலகைமேல் ஏறவே முடியவில்லை. அடுத்த நாள் ஏறி, பாதியில் முன்பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்தான். நெற்றி கட்டில் சட்டத்தில் இடித்தது. நான் ஈயச்சட்டியில் சூப்போடு உள்ளே வந்த நேரம் அது. தொமித்திலா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள், ஒரு கை வயிற்றில், ஒரு கை அவனை நோக்கி. கால் செத்துக் கிடந்தாலும் அவன் தொண்டை சாகவில்லை.

"உக்காரு. உக்காரு தோமி. ஒரு கை வச்ச, நான் இப்பவே அந்த இல்லத்துக்குப் போன் பண்ணுவேன்."

உட்கார்ந்தாள்.  அவன் தரையில் மல்லாந்து கிடந்தபடி என் சூப்பில் கொத்தமல்லி போட்டிருக்கிறதா என்று விசாரித்தான். புலென்சியோ வந்து தூக்குகிறவரை அரைமணி நேரம் போல அங்கேயே கிடந்தான். அவளும் ஜன்னல் பக்கம் திரும்பாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் பலகையை எடுக்கிறபோதெல்லாம் அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வாள். கைகள் தாமாகப் போய்விடும் என்று அவளுக்கே பயம்.

அவனுக்குத் தோள் வீங்கியது. உள்ளங்கை உரிந்தது. பின்புறம் சிராய்த்து, நான் களிம்பு வாங்கி வந்தேன். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் குதிரையோட்டுகிற காலத்துக் கைகள் திரும்ப வந்துகொண்டிருந்தன. அவளுக்குக் கிளிப்புகளை எடுத்தார்கள், தழும்பு ஊதாவாகி, பிறகு வெளுத்தது. சோளரொட்டி சுட அடுப்பருகே நிற்கத் தொடங்கினாள். மாவு மூட்டையை நகர்த்த ஆள் கூப்பிட்டாள், அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. பேச்சு மட்டும் இல்லை.

ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து நான் அவர்கள் அடுப்பில் கோர்தித்தாவுக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தேன். காற்று அன்றைக்கு ஓய்ந்திருந்தது, கதவைத் திறந்து வைத்திருந்தோம். நிக்கானோர் மத்தியானத் தூக்கம் எழுந்து கட்டிலின் ஓரத்துக்கு வந்தான். பலகையைத் தொடைக்கு அடியில் தள்ளி, மறுமுனையை நாற்காலியில் வைத்தான். தொமித்திலா எதிரே உட்கார்ந்து கைகளை அடியில் கொடுத்தாள். நான் மாவுக் கையோடு நின்றுவிட்டேன்.

ஊன்றினான், நகர்ந்தான். மறுபடி ஊன்றினான், நகர்ந்தான். பாதிக்கு மேல் வந்துவிட்டான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு புட்டம் பலகையில், ஒரு புட்டம் நாற்காலி ஓரத்தில். இன்னும் ஒரே ஒரு தள்ளு. கையைத் தூக்கி நாற்காலியின் அந்தக் கைப்பிடிக்குக் கொண்டுபோனான். அப்போது நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"பிரேக்கு!"

தொமித்திலாவின் குரல். ஆலையில் பெல்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். "பிரேக்கப் போடாம ஏறியிருக்க. எடப்பக்கம், எடப்பக்கத்துப் பிரேக்கு. அசையாத. முழங்கையக் கட்டில்ல முட்டுக்குடு. அப்பிடியே இரு. இப்ப கையக் கீழ விடு, இன்னுங் கீழ. கெடச்சுச்சா?"

கிடைத்தது. டக்கென்று பூட்டுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

"இப்பத் தள்ளு. தலைய முன்னாடி போடு, பின்னாடி சாயாத. தள்ளு."

தள்ளினான். நாற்காலியில் தொம்மென்று விழுந்தான். பலகை தரையில் விழுந்து சுழன்றது. அவனுக்கு மூச்சு வாங்கியது, சட்டையெல்லாம் நனைந்திருந்தது. முடியைக் கோதிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"பேசிட்ட" என்றான்.

"நான் நாற்காலிகிட்டப் பேசுனேன்."

சொல்லிவிட்டுக் கைகளை வெளியே எடுத்தாள். அழுத்தி உட்கார்ந்ததில் விரல்களெல்லாம் வெளுத்து, நாற்காலிப் பின்னலின் கோடுகள் பதிந்திருந்தன. அந்தக் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு அவள் அருகே போனான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் பார்த்த இத்தனை வருஷத்தில் அவள் அவன்மேல் கைபோட்டது எல்லாம் தூக்குவதற்குத்தான். அன்றைக்கு அவள் தூக்கவில்லை.